பன்னிரண்டரை மில்லி

கோமதிநாயகத்தின் தச்சுப் பட்டறையில் மரம் செதுக்குகிற ஸ்பிண்டில் மிஷின் மரமில்லாமல் சுற்றும்போது ஒரே சுரத்தில் பாடும், மரச் சட்டத்தைத் தொட்டதும் ஒரு படி இறங்கி முனகும், சட்டம் முடிந்து விலகியதும் பெருமூச்சு விட்டதுபோல் மறுபடி பழைய சுரத்துக்கு ஏறிக்கொள்ளும். அந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் கேட்டுத்தான் எங்கள் தெருவில் உலை வைத்தார்கள், துணி உலர்த்தினார்கள், தொட்டில் ஆட்டினார்கள், யாரும் அதைச் சத்தம் என்றே நினைக்கவில்லை. ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வழக்கம்போல இறங்கியது. இறங்கியது ஏறவில்லை. பத்தடிச் சட்டம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, கை வேலையை நிறுத்திவிட்டுத் தெரு முழுவதும் அந்தப் பெருமூச்சுக்காகக் காத்திருந்தது, நானும் மாடியில் ஒரு கிண்ணத்தைத் துடைத்தபடியே நின்றேன், இருபது நிமிஷம் கழித்துத்தான் அது ஏறியது.

நடந்தது இவ்வளவுதான். கதவின் பலகை வந்து உட்காருவதற்காகச் சட்டத்தின் விளிம்பில் நீளமாக ஒரு பள்ளம் எடுப்பார்கள், அதற்குக் காடி என்று பெயர். கோமதிநாயகம் அன்று ஒரு தேக்குச் சட்டத்தில் காடி எடுத்துக்கொண்டிருந்தார். சட்டம் முடிந்துவிட்டது, காடி முடியவில்லை. அது மிஷின் மேசையின் இரும்பில் ஓடி, கால் வழியாக இறங்கி, சிமெண்டுத் தரையைக் கடந்து, வாசற்படி ஏறி இறங்கி, தார் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நடக்கிறவன் வேகத்தில், ஒரு மைல் தூரம், நூல் பிடித்தாற்போல் நேராக ஊருக்குள் போயிருந்தது.

சுவர் வந்தால் சுவரில் ஏறியது, கூரை வந்தால் கூரையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. எங்கள் வீட்டு முகப்பில் ஏறி, மாடி ஜன்னல் வழியாக நுழைந்து, கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் சரியாக இரண்டு தலையணைக்கும் நடுவே ஓடி, பின்பக்கச் சுவர் வழியாக இறங்கிப் போயிற்று. நானும் என் வீட்டுக்காரரும் அதைப் பார்த்தோம், அதைப்பற்றி எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அசன் டீக்கடையின் பெஞ்சைக் கடந்தது, பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த நாயின் முதுகில் சீப்பு வைத்து வகிடு எடுத்ததுபோல் ஒரு கோடு விழுந்தது, நாய் எழுந்திருக்கக்கூட இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்ற புனலூர் பஸ்ஸின் படியில் ஏறி, கூரையில் நடந்து, அந்தப் பக்கம் இறங்கியது. வாய்க்கால் தண்ணீரில் மட்டும் அது பதியவில்லை, ஆனால் அக்கரையில் விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. எங்கேயும் சிம்பு தெறிக்கவில்லை, ஓரம் நொறுங்கவில்லை. தாரில் வெட்டிய இடத்திலும் சுண்ணாம்பில் வெட்டிய இடத்திலும் பச்சைத் தேக்கு வாசனை அடித்தது.

மிஷினுக்கு அடியில் செதுக்குப் பொடி குவிந்திருந்தது. முதலில் தேக்குச் சுருள், அதன்மேல் கறுப்பாகத் தார்ச் சுருள், அதன்மேல் சுண்ணாம்பு, செங்கல், ஓடு, பஸ் படியின் அலுமினியம், ஒரு கை அளவுக்கு நாய் முடி, எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக ஒரு பிடி பச்சை மொசைக் பொடி. ஊரில் பச்சை மொசைக் போட்ட வீடு ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்த்ததும் கோமதிநாயகம் சுவிட்சை அணைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அந்த வீடு ஆவுடையப்பனுடையது. கோமதிநாயகத்தின் மனைவி குழல்வாய்மொழிக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி. அந்தப் புதன்கிழமை அவன் கூடத்தில் உட்கார்ந்து கூட்டாஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாசலைத் தாண்டி, பச்சைத் தரையைக் கீறிக்கொண்டு, தன் தட்டை நோக்கி ஒரு காடி வருவதைப் பார்த்தவன், பயப்படுவதற்கு முன்னால், எழுந்திருப்பதற்கு முன்னால், வாயில் சோறோடு, பழக்க தோஷத்தில், "வந்துட்டு" என்று சொல்லிவிட்டான். தட்டுக்கு ஒரு சாண் முன்னால் காடி நின்றுவிட்டது.

அப்படிச் சொல்லவே இல்லை என்று அவன் பிறகு சாதித்தான். ஆனால் ரசம் ஊற்ற வந்த அவன் மனைவி பிரம்மு அதைக் காதால் கேட்டாள். பிரம்மு பூக்காரியிடம் சொன்னாள், பூக்காரியிடம் சொன்னது அன்று சாயங்காலத்துக்குள் முழத்துக்கு முழம் ஊருக்கே போய்ச் சேர்ந்தது.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருந்த கதை ஊருக்குத் தெரியும். ஸ்பிண்டில் மிஷினில் வேலை செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் நின்று சட்டத்தைத் தள்ள வேண்டும், ஒருவர் பின்னால் நின்று அதை வாங்க வேண்டும். தள்ளுகிறவர் கண் கட்டரை விட்டு அகலக் கூடாது, அகன்றால் விரல் இருக்காது, அதனால் சட்டத்தின் நுனி வந்து சேர்ந்ததைப் பின்னால் நிற்கிறவன்தான் சொல்ல வேண்டும். பதினாறு வருஷம் கோமதிநாயகம் தள்ளினார், ஆவுடையப்பன் வாங்கினான், ஒவ்வொரு சட்டத்துக்கும் அவன் "வந்துட்டு" என்றான், இவர் கையை எடுத்தார். பத்து விரலும் உள்ள ஸ்பிண்டில்காரர் என்று தென்காசி வரைக்கும் கோமதிநாயகத்துக்குப் பெயர். அந்தப் பெயரில் பாதி மச்சினனுடையது என்று அவரே சொல்லுவார், சண்டை வருவதற்கு முன்னால்.

சண்டை வந்தது ஒரு வாஷரால். காடி எடுக்கிற கட்டர் இரண்டு பாதியாக வரும், பல்லோடு பல் கோத்துக்கொள்ளும். நடுவில் வாஷரைச் செருகினால் இரண்டும் விலகும், காடியின் அகலம் கூடும். அரை மில்லிக் கனத்தில், வெற்றிலைக் கனம்கூட இல்லாத மெல்லிய வாஷர் ஆறு வாங்கி ஆணியில் மாட்டியிருந்தார்கள். கல்யாண மண்டபம் ஒன்றுக்கு நாற்பது கதவு செய்தபோது, பன்னிரண்டு மில்லிக் காடிக்காக மூன்று வாஷர் கேட்டார் கோமதிநாயகம், ஆவுடையப்பன் மூன்று எண்ணிக் கொடுத்தான். காடிக்குள் போய் உட்காருகிற பலகையின் ஓரத்துக்கு நாக்கு என்று பெயர், அதை வேறு கட்டரில், வேறு கனத்து வாஷரில், சரியாகப் பன்னிரண்டுக்கே எடுத்தார்கள். கதவெல்லாம் மாட்டி முடிந்து முதல் கல்யாணத்துக்குத் தவில் அடித்தபோது நாற்பது கதவின் பலகைகளும் காடிக்குள் கடகடவென்று ஆடின. சும்மா ஆடியிருந்தாலும் பரவாயில்லை, தாளத்துக்குக் கால் வீசம் பிந்தி ஆடின. கெட்டிமேளத்தின் நடுவில் தவில்காரர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பது யார் என்று கேட்டார்.

மில்லிக் கணக்கில் அளக்கிற வெர்னியர் வைத்துப் பார்த்தால் காடி பன்னிரண்டரை மில்லி. அப்படியானால் உள்ளே போனது நாலு வாஷர். ஆணியில் எண்ணினால் ஆறுக்கு ஐந்துதான் இருந்தது. நாலைக் கொடுத்துவிட்டு, கழற்றும்போது ஒன்றைத் தொலைத்தும் விட்டான் என்றார் கோமதிநாயகம். மூன்றுதான் கொடுத்தேன், என் விரலுக்கு எண்ணத் தெரியும் என்றான் ஆவுடையப்பன். இருவரும் தீர்ப்புக்காகக் குழல்வாய்மொழியைப் பார்த்தார்கள். அவள் வெர்னியரை வாங்கிப் பார்த்தாள், அதில் என்ன இருந்ததோ அதைச் சொன்னாள்.

"நாலு" என்றாள்.

தம்பி எழுந்து போய்விட்டான். நாலு என்று சொன்ன வாய்க்கு என் வீட்டில் சோறு கிடையாது என்று மறுநாள் சொல்லியனுப்பினான். அதற்குப் பிறகு பதினோரு வருஷம், ஒரே ஊரில், ஒரு மைல் தூரத்தில், அக்காள் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டால் பூக்காரியிடம் கொடுத்து அனுப்புவாள், காலி ஜாடி கழுவித் துடைத்துத் திரும்பி வரும், அவ்வளவுதான் போக்குவரத்து. ஆவுடையப்பன் இனி மரத்தைத் தொடுவதில்லை என்று பி.வி.சி. கதவுக்கு ஏஜெண்டு ஆனான், ஊரின் குளியலறைகள் ஒவ்வொன்றாக அவன் கைக்குப் போயின, அத்தான் மனம் எரியட்டும் என்றே கதவு ஒன்றுக்கு இரண்டு நிறம் காட்டினான். கோமதிநாயகம் அந்த ஐந்து வாஷரையும் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு மூடி, கனத்த வாஷரை மட்டும் வைத்துக் காலத்தை ஓட்டினார். பின்னால் நிற்பதற்கு வேறு ஆளை வைக்கவில்லை, உருளை வைத்த ஒரு இரும்பு ஸ்டாண்டை வாங்கி நிறுத்தினார். அதற்கு ஊரார் மாப்பிள்ளை ஸ்டாண்டு என்று பெயர் வைத்தார்கள். ஸ்டாண்டு சட்டத்தை வாங்கிக்கொண்டது, ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமை கனத்த வாஷர் விரிசல் விட்டுவிட்டதால்தான், பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவர் பவுடர் டப்பாவைத் திறந்து மூன்று வாஷரை எடுத்து மாட்டியிருந்தார்.

ஊர் அந்தக் காடியை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் தாண்டிப் போனார்கள், மூன்றாம் நாள் அது எப்போதும் இருந்ததாக ஆகிவிட்டது. சாரல் தண்ணீர் தேங்காமல் அதன் வழியாக ஓடியது, இருபது வருஷமாகச் சாக்கடை கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்த தெருக்காரர்கள் இதை மனுவின் பலன் என்று எடுத்துக்கொண்டார்கள். எறும்புகள் வரிசையை மாற்றி அதற்குள் இறங்கின. டவுன் பஞ்சாயத்திலிருந்து பொறியாளர் ஒருவர் வந்து, ஒரு மைலும் நடந்து பார்த்துவிட்டு, ஏற்கெனவே உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார். கேபிள் டிவிக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகத் தன் கம்பியை அதில் பதித்துவிட்டு, காடி தனக்காகத்தான் வந்தது என்று பேசத் தொடங்கினார். பெண் கேட்டு வருகிறவர்கள் குலம் கோத்திரம் விசாரித்த கையோடு, வீடு காடிக்கு வடக்கா தெற்கா என்றும் விசாரித்தார்கள், எது நல்லது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. புனலூர் பஸ் தன் பங்குக் காடியைச் சுமந்துகொண்டு தினமும் மலையேறிப் போய்த் திரும்பி வந்தது. பிறந்ததிலிருந்து பஸ்ஸை நேராக நிறுத்தியறியாத அதன் டிரைவர், இப்போது பஸ் ஸ்டாண்டின் தரையில் உள்ள கோடும் படியில் உள்ள கோடும் ஒட்டும்வரை முன்னும் பின்னும் எடுத்துத்தான் நிறுத்தினார், இறங்குகிறவர்கள் குனிந்து சரிபார்த்துவிட்டே போனார்கள். காடி போகாத தெருவில் இருந்த ரைஸ் மில் முதலாளிக்கு மனம் ஆறவில்லை, ஆள் வைத்து உளியால் தன் வாசலுக்கு ஒரு கிளை வெட்டிக்கொண்டார். அது கோணியது. அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டும்போது மரியாதைக்காகச் சிரிக்காமல் தாண்டினார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் ஊர் கறாராக இருந்தது. அந்த மிஷினை யாரும் தொடக் கூடாது. கட்டரின் நட்டைத் தளர்த்தினால் காடி மூடிக்கொள்ளுமோ, அல்லது இன்னும் அகலமாக விரியுமோ, வடக்கு ஒரு பக்கமும் தெற்கு ஒரு பக்கமுமாக ஊர் நகர்ந்துவிடுமோ என்று பேச்சு இருந்தது. கோமதிநாயகத்துக்கும் தொட மனமில்லை. அவர் காலையில் பட்டறையைத் திறப்பார், ஸ்டூலைப் போட்டு உட்காருவார், காடி வாசலைத் தாண்டிப் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார், மத்தியானம் சாத்திவிட்டுப் போவார். அதன் மறுமுனை எங்கே நின்றது, எந்தச் சொல்லுக்கு நின்றது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. போய்ப் பார்க்கலாமே என்று அசன் ஒருநாள் டீயைக் கொடுத்துக்கொண்டே சொன்னதற்கு, காடி போனால் போதாதா, நானும் போக வேண்டுமா என்று கேட்டார்.

ஆடி பிறந்ததும் இன்னொரு செய்தி வந்தது. ஆவுடையப்பன் ஊரைவிட்டுப் போகிறான். பிரம்முவின் அண்ணன் ஓசூரில் இருக்கிறார், அங்கே கதவுக்கு நல்ல கிராக்கி, ஆவணி முதல் வெள்ளிக்கு லாரி பேசியாயிற்று. பூக்காரி இதைச் சொன்னபோது குழல்வாய்மொழி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரை முழுவதையும் உருவி முடித்தாள், காம்பையும் சேர்த்து உருவினாள். ஒரு மைலே பதினோரு வருஷம் என்றால் ஓசூர் எத்தனை வருஷம் என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவள் காடியோரமாக டீக்கடை வரைக்கும் நடந்து போய் நின்றுவிட்டுத் திரும்பினாள். காலுக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னதாகச் சொன்னாள், எந்த வைத்தியர் என்று யாரும் கேட்கவில்லை.

அப்படி ஒருநாள் நின்றபோதுதான் அசன் அந்தப் புகாரைச் சொன்னார். பெஞ்சின் மேல் வைக்கிற கிளாசெல்லாம் காடியில் கால் மாட்டிச் சாய்கிறதாம். அதை அடைக்கக் கோமதிநாயகம் சொன்ன பன்னிரண்டு மில்லிக்குக் கடையநல்லூரில் ஒரு பட்டை செய்து வாங்கி வந்தாராம்.

"பாருங்கக்கா, உங்க வீட்டுக்காரர் பன்னெண்டுன்னாரு. பட்டையும் பன்னெண்டுதான். கெடந்து ஆடுது" என்று பெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

பட்டை கடகடவென்றது. குழல்வாய்மொழி அந்தச் சத்தத்தை நின்று கேட்டாள். அசனை இன்னொரு தடவை தட்டச் சொன்னாள். நாற்பது கதவு ஒரு தவிலுக்குப் பின்னால் ஆடிய அதே ஆட்டம், அதே அளவு ஆட்டம்.

மறுநாள் விடிந்ததும் அவள் கொடியில் கிடந்த புருஷன் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். மிஷின் காலடியில் உட்கார்ந்து காடியை அளந்தாள், வாசற்படியில் அளந்தாள், நடு ரோட்டில் உட்கார்ந்து அளந்தாள், ஒரு லாரி அவளுக்காகக் காத்து நின்றது. எங்கள் வீட்டுக்கும் ஏறி வந்து, கேட்டுக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டிலும் அளந்துவிட்டுப் போனாள். டீக்கடையில், பள்ளிவாசல் படியில், புனலூர் பஸ்ஸில், வாய்க்காலுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும், பத்தடிக்கு ஒருமுறை புடவையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, எழுந்து, ஒவ்வொரு தடவையும் வெர்னியரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, அடுத்த இடத்துக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் முதலில் நாலு பேர் வந்தார்கள், பிறகு நாற்பது பேர் வந்தார்கள். தம்பி வீட்டு வாசலில் அவள் நின்றபோது பாதி ஊர் பின்னால் நின்றது.

ஆவுடையப்பன் உள்ளே சாமான் கட்டிக்கொண்டிருந்தான். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தான். வா என்றும் சொல்லவில்லை, கட்டுவதையும் நிறுத்தவில்லை.

"உள்ளே வரலை" என்றாள் குழல்வாய்மொழி. "எண்ணுததுக்குக் கூப்பிட வந்தேன்."

"நான் அன்னிக்கே எண்ணிச் சொல்லியாச்சுக்கா. மூணு."

"நானும் அன்னிக்கே பாத்துச் சொல்லியாச்சு. இப்பப் பட்டறையில இருந்து உன் வாசல் வரைக்கும் பாத்துட்டு வாரேன். எல்லா எடத்துலயும் பன்னெண்டரை. உங்க அத்தான் மூணு போட்டேங்காரு. நாலு விழுந்திருக்கு. நீ அங்க இல்லை. அப்போ நாலாவதை யாருலே கொடுத்தா?"

அவன் கட்டிக்கொண்டிருந்த கயிறு கையிலேயே நின்றது. பிரம்மு, போய்த்தான் பார்த்துவிட்டு வாருங்களேன், லாரி வெள்ளிக்கிழமைதானே என்றாள்.

பட்டறையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. நட்டைத் தளர்த்தக் கூடாது என்று கேபிள்காரர் மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டார், தன் கம்பிக்காக அல்ல, ஊர் நன்மைக்காக என்றார். அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கோமதிநாயகம், வாசலில் வந்து நின்ற மச்சினனைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவர் நேராக மிஷினுக்குப் பின்னால் போய், அந்த இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகு கேபிள்காரர் நகர்ந்துகொண்டார்.

கட்டர் மாட்டிய தண்டைப் பிடிக்க ஒரு ஸ்பானர், நட்டைத் திருக ஒரு ஸ்பானர். இருவரும் ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். நட்டு இளகியபோது வாசலில் நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். காடி அப்படியேதான் இருந்தது. கட்டரின் மேல்பாதியை எடுத்து வைத்துவிட்டு, ஆவுடையப்பன் வாஷர்களை விரலால் நகர்த்தி, பழைய மாதிரியே, சத்தமாக எண்ணினான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

மூன்றையும் அத்தான் கையில் வைத்தான். கோமதிநாயகம் அவற்றை அடுக்கி வெர்னியருக்குள் கொடுத்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் காது மடல் சிவந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"மூணுதான், மாப்ளே" என்றார். "ஆனா ரெண்டு மில்லி இருக்கு."

மூன்று அரை ஒன்றரைதான் என்பது வாசலில் நின்ற பூக்காரிக்குக்கூடத் தெரியும். குழல்வாய்மொழி புருஷன் கையிலிருந்து வாஷர்களை வாங்கினாள், அரிசியில் கல் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். மூன்றாவதில் நின்றாள். கட்டை விரல் நகத்தை அதன் விளிம்பில் கொடுத்து நெம்பினாள். உதடு பிரிவதுபோல் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவள் உள்ளங்கையில் அது இரண்டு வாஷராகக் கிடந்தது, நடுவில் தேக்கின் பிசின் கறுத்துப் பாகாக இருந்தது.

தொலைந்துபோன ஆறாவது வாஷர் எங்கேயும் போகவில்லை. ஐந்தாவதோடு ஒட்டிக்கொண்டு பதினோரு வருஷம் பவுடர் டப்பாவில் ஒன்றாக இருந்தது. எண்ணினவன் கணக்கும் சரி, அளந்தவர் கணக்கும் சரி, பார்த்துச் சொன்னவள் சொல்லும் சரி. எல்லோரும் சரியாக இருந்ததில் போன பதினோரு வருஷத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலில் வாய் திறந்தவர் கோமதிநாயகம். கழற்றிய வாஷரைக் கெரசினில் கழுவி வைப்பது பின்னால் நிற்கிறவன் வேலை என்றார். கெரசின் வாங்கி வைப்பது முன்னால் நிற்கிறவர் வேலை என்றான் ஆவுடையப்பன். மண்டப வேலை நடந்த வாரம் பட்டறையில் கெரசின் இருந்ததா இல்லையா என்று மத்தியானம் வரைக்கும் சண்டை நடந்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போனார்கள், மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து மண்டபத்துக்குப் போய், நாற்பது கதவுக்கும் புதுப் பலகை போட்டுத் தருகிறோம் என்று சொன்னார்கள். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் தவில்காரர்கள் அந்தக் கால் வீசத்துக்கு இடம் விட்டு வாசிக்கப் பழகிவிட்டார்களாம், கதவு ஆடாத மண்டபத்தில் கெட்டிமேளம் எடுபடவில்லை என்று கொல்லத்திலிருந்துகூட ஆள் தேடி வருகிறார்களாம்.

அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றுதான் மிச்சம். காடி எடுத்தவன் நாக்கும் எடுத்துத்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. கட்டரை மேலொன்று கீழொன்றாகப் பிரித்து மாட்டி, இடைவெளிக்குப் பத்தரை மில்லி வளையம் ஒன்றோடு நாலு வாஷரையும் கழுவித் துடைத்துப் போட்டு, பன்னிரண்டரை மில்லிக்குத் தேக்குப் பட்டை எடுக்கத் தொடங்கினார்கள். கோமதிநாயகம் தள்ளினார், ஆவுடையப்பன் வாங்கினான். சத்தம் இறங்கும், "வந்துட்டு" என்று கேட்கும், சத்தம் ஏறும். அந்த ஐந்து நாளும் எங்கள் தெருவில் உலை சரியான நேரத்துக்குக் கொதித்தது. ஊரில் இருந்த மரச்சுத்தியலெல்லாம் வெளியே வந்தது, கொட்டாப்புளி இல்லாதவர்கள் பருப்பு மத்தை எடுத்து வந்தார்கள், பட்டறை வாசலிலிருந்து தொடங்கி, ரோட்டில், சுவரில், கூரையில், பட்டையை வைத்துத் தட்டிக்கொண்டே போனார்கள். கேபிள்காரர் முணுமுணுத்துக்கொண்டே கம்பியை உருவிக்கொண்டார். டிரைவர் பஸ்ஸைக் கோட்டில் நிறுத்திவிட்டுத் தானே கூரையில் ஏறினார். எங்கள் கட்டிலுக்கு ஒரு சாண் துண்டு போதுமாக இருந்தது. என் வீட்டுக்காரர் தலையணைகளை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார், கோமதிநாயகம் இரண்டே தட்டில் இறக்கிவிட்டார். அந்தத் துண்டு இப்போதும் இருக்கிறது. இரண்டாவது தலையணைதான் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பட்டை ஆவுடையப்பன் வீட்டு வாசற்படிக்கு வந்து சேர்ந்தது. அன்று பிரம்மு சொதி வைத்திருந்தாள். குழல்வாய்மொழி படியேறி உள்ளே போனாள். பாதிச் சாமான் கட்டிக் கிடந்த கூடத்தில், பச்சை மொசைக் தரையில், அக்காளும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் மூன்று தடவை சோறு வாங்கினாள். நாலாவது தடவை அவன் கரண்டியை எடுத்தபோது, "போதும், இதை எண்ணிராதே" என்றாள். அந்த வீட்டில் அவள் மறுபடி சாப்பிட்டது அன்று ஒருநாள்தான்.

லாரி சொன்னபடி வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, பேசினது பேசினதுதான், பிரம்முவின் அண்ணன் அங்கே வீடு பார்த்து வைத்துவிட்டார். தட்டிருந்த இடத்துக்கு முன்னால் கடைசி ஒரு முழம் காடியில் மட்டும் பட்டை இறக்காமல் இருந்தது. அதற்கு வெட்டி வைத்த துண்டை ஆவுடையப்பன் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு லாரியில் ஏறினான். கோமதிநாயகம் பட்டறைக்குத் திரும்பி வந்து, ஓரமாகக் கிடந்த ஸ்டாண்டை எடுத்து மிஷினுக்குப் பின்னால் பழைய இடத்தில் நிறுத்தினார்.

ஆவுடையப்பன் ஓசூரில் பி.வி.சி. கதவு வியாபாரத்தை ஏழு மாதம் நடத்தினான், பிறகு விட்டுவிட்டான். அங்கே ஒரு மரப்பட்டறையில் ஸ்பிண்டில் மிஷினுக்குப் பின்னால் நின்று சட்டம் வாங்குகிற வேலைக்குச் சேர்ந்து, பதினெட்டு வருஷம், கண் மங்கும் வரைக்கும், அந்த வேலையிலேயே இருந்தான்.